கயிறு பிடித்தவரும் கணினித் திரையும்

ராபர்ட் பெர்சிவல் 1803இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் மன்னார் வளைகுடாவின் முத்துப் படகு விரிவாக வருகிறது. படகுத் தலைவரான தண்டலைத் தவிர இருபது பேர். பத்துப் பேர் துடுப்பு வலித்துக் குளியாளிகளைத் தூக்கிவிடுபவர்கள், பத்துப் பேர் குளியாளிகள். பத்துக் குளியாளிகள் இருந்தாலும் ஒரு நேரத்தில் ஐவர்தான் இறங்குவர். அவர்கள் மேலேறி மூச்சு வாங்கும்போது மற்ற ஐவர் கீழே போவர். சலாபம் எனப்படும் அந்த இலங்கைக் கரை முத்துக்குளிப்புகளுக்குத் தூத்துக்குடியிலிருந்தும் படகுகள் போயின. நம் பக்கத்துப் பார்களில், அதாவது சிப்பிப் படுகைகளில், நடந்த முத்துக்குளிப்பிலும் வேலை முறை ஏறத்தாழ இதுவே.

இதன் பக்கத்தில் நான் வைக்க விரும்புவது, விரல் பட்டவுடன் பதில் சொல்லும் இணையச் செயலியை எழுதக் கற்கும் நிரலாளரின் வேலை. ஒன்று உப்புநீரிலும் மற்றொன்று கண்ணாடித் திரையிலும் நடப்பது. ஆனால் இரண்டிலும் உண்மையான வேலை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கிறது. இரண்டிலும் மேலே ஒருவர் காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்பை எப்படி ஏற்பாடு செய்வது என்பதே இரண்டிலும் கற்க வேண்டிய வித்தை.

முதலில் படகின் விளிம்பைப் பார்ப்போம். குளியாளி கல் கட்டிய கயிற்றைக் கால்விரல்களில் இடுக்கிக்கொண்டு இறங்குகிறார். அடித்தரையைத் தொட்டதும் கல்லை விட்டுவிடுகிறார். மேலே கயிறு பிடிப்பவர் கல்லை உடனே இழுத்து எடுத்து வைக்கிறார். குளியாளி எட்டு, பத்துப் பாக ஆழத்தில் சிப்பிகளை வலைப்பையில் நிரப்புகிறார். ஒரு நிமிடம், தேர்ந்தவரானால் சற்றுக் கூடுதல். பிறகு மற்றொரு கயிற்றை ஒரு சுண்டு சுண்டுகிறார், மேலே இழுக்கிறார்கள். இதில் கயிறு பிடிப்பவருக்கு ஒரே கடமை: கை காலியாக இருப்பது. கூட நாலு சிப்பி கிடைக்கும் என்று அவரும் குதித்துவிட்டால், கீழே இருப்பவரின் சைகையை வாங்க ஆளில்லை.

உலாவியிலும் அப்படி ஒருவர் உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் ஓடும் மெயின் த்ரெட் எனும் முதன்மை இழை அது. பயனரின் தொடுகையை வாங்குவதும், எழுத்தைத் திரையில் பதிப்பதும், பக்கத்தை வரைவதும் அந்த ஒரே இழைதான். நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்க வேண்டுமானால் ஒவ்வொரு முறைக்கும் அதற்குக் கிடைப்பது 16 மில்லிநொடி சொச்சம். 50 மில்லிநொடியைத் தாண்டி அது ஒரே வேலையில் மூழ்கினால் அதை நீண்ட பணி என்று உலாவிகள் குறித்துக்கொள்கின்றன. அந்த நேரத்தில் விழும் தொடுகை வரிசையில் நிற்கும். பயனர் பொத்தானை மறுபடி அழுத்துவார், பிறகு இன்னொரு முறை.

கற்றுக்கொள்ள வருபவர் பெரும்பாலும் நினைப்பது, பதில் வேகம் என்றால் வேலையை விரைவாக முடிப்பது என்று. சர்வரை வேகப்படுத்துவோம், கணக்கை வேகப்படுத்துவோம் என்று இறங்குவார். அது தவறில்லை, ஆனால் அது குளியாளியை விரைவாக நீந்தச் சொல்வது. குளியாளி நாற்பது நொடியில் வந்தாலும் எழுபது நொடியில் வந்தாலும், கயிறு பிடிப்பவர் விளிம்பில் நிற்கிறாரா என்பதுதான் முதல் கேள்வி. சர்வரின் பதிலுக்கு மூன்று நொடி ஆகும் செயலி உயிரோட்டமாக இருப்பதுண்டு. அரை நொடியில் எல்லாம் முடியும் செயலி, அந்த அரை நொடி முழுக்க உறைந்து நிற்பதால் கனமாகத் தெரிவதும் உண்டு.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. செயற்கூற்றின் முன்னால் அசிங்க் என்று எழுதிவிட்டால் வேலை கீழே போய்விடும் என்று புதியவர்கள் நம்புகிறார்கள். வலைப்பின்னல் வழியே தரவு கேட்கும் வேலைக்கு அது சரி, காத்திருப்பு வேறிடத்தில் நடக்கும். ஆனால் பத்தாயிரம் வரிகளைச் சுற்றிச் சுற்றிச் சல்லடை போடும் கணக்கை அசிங்க் செயற்கூற்றுக்குள் வைத்தாலும் அதைச் செய்வது அதே முதன்மை இழைதான். கயிறு பிடித்தவரே குதித்த கதை இது. அந்தக் கணக்கை வெப் வொர்க்கர் என்ற தனி இழைக்கு அனுப்பினால்தான் உண்மையில் ஒரு குளியாளி இறங்குகிறார். அதற்கும் விலை உண்டு. தரவு பெரும்பாலும் நகலெடுக்கப்பட்டே போய்த் திரும்புகிறது, பெரிய தரவானால் அந்த நகலே சுமை. வலைப்பையின் கனத்தை மேலே இருப்பவர்தானே தூக்க வேண்டும்?

தமிழில் தட்டச்சு செய்பவரை வைத்து இதைக் கிட்டத்தில் பார்க்கலாம். கடற்கரை ஊர்களைத் தேடும் ஒரு பெட்டி, ஒவ்வொரு விசைக்கும் தேடும்படி எழுதப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒலிபெயர்ப்பு விசைப்பலகைகள் பலவற்றில் ‘முத்து’ என்று வர ஆங்கில விசைகள் ஏழு. இரண்டாவது விசையில் ‘மு’. மூன்றாவதில், இன்னும் ‘h’ விழாததால், ‘முட்’. அந்தக் கணத்தில் செயலி கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தைத் தேடி எடுத்துவந்து பட்டியலை வரைகிறது. பயனர் முட்டத்தைக் கேட்கவேயில்லை. ஏழு விசைக்கு ஏழு தேடல், ஏழு முறை வரைதல். நடுவில் வந்தவற்றில் பாதி, அவர் எழுத நினைக்காத சொற்களுக்கான விடைகள்.

விரல் ஓய்ந்த பிறகு 200, 300 மில்லிநொடி பொறுத்துத் தேடு என்பது இதற்கு வழக்கமான மருந்து. டிபவுன்ஸ் என்பார்கள். சொல் உருவாகிக்கொண்டிருக்கும்போது தேடாதே, உருவாக்கம் முடிந்த நிகழ்வுக்குக் காத்திரு என்பது இன்னொரு யோசனை. கணினியில் இது பெரும்பாலும் வேலை செய்யும். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலோ பல விசைப்பலகைகள் ஒரு சொல் முழுவதையுமே உருவாக்கத்தில் இருப்பதாகவே வைத்திருக்கும், இடைவெளி தட்டும்வரை முடிவு நிகழ்வு வராது. அங்கே இந்த யோசனையை நம்பினால் தேடல் பெட்டி செத்துக் கிடப்பதுபோலத் தோன்றும். தமிழ்ப் பயனருக்காகச் செயலி எழுதுபவர் இதைத் தமிழில் தட்டிப் பார்த்துத்தான் கற்க முடியும், ஆங்கிலப் பாடப்புத்தகம் இதைச் சொல்லித்தராது.

ஒரு நேரத்தில் இறங்கும் ஐவருக்காகப் படகில் இருந்த ஐந்து கற்களுக்கு இனி வருவோம். பத்துக் குளியாளிகளுக்கு ஐந்து கல் என்பது கஞ்சத்தனத்தால் வந்ததில்லை. மூச்சு வாங்கும் நேரத்தில் கல் சும்மா கிடக்கக் கூடாது, கல் சும்மா கிடக்கிறது என்பதற்காக மூச்சு வாங்காதவரை இறக்கவும் கூடாது. குளியாளி அடியில் இருக்கும்போதே கல் மேலே வந்துவிடுவதும் இதே கணக்கில்தான். பழைய எச்டிடிபி 1.1 காலத்து உலாவிகள் ஒரு சர்வருக்கு ஒரே நேரத்தில் பெரும்பாலும் ஆறு இணைப்புகளையே திறந்தன. ஏழாவது கோரிக்கை, ஏதாவது ஒரு இணைப்பு காலியாகும்வரை நிற்கும். ஐந்து கல்லும் ஆறு இணைப்பும் தற்செயலாக அருகருகே அமைந்த எண்கள்தான். ஆனால் இரண்டும் கற்பிப்பது ஒன்று: எதை முதலில் இறக்குவது என்ற வரிசை. பக்கத்தின் அடியில் கிடக்கும் படங்கள் ஆறு இணைப்பையும் பிடித்துக்கொண்டால், மேலே வேண்டிய எழுத்து வெளியே நிற்கும்.

வேறுபாடும் இங்கேயே தொடங்குகிறது. 2015இல் வந்த எச்டிடிபி 2 ஒரே இணைப்பில் பல கோரிக்கைகளை ஊடும்பாவுமாக அனுப்ப வழி செய்தது. ஆறு என்ற எல்லை கரைந்தது. மனித மூச்சுக்கு அப்படி ஒரு புதிய பதிப்பு வரவில்லை.

என்னை மிகவும் ஈர்க்கும் உறவு கயிற்றில்தான் இருக்கிறது. குளியாளி கீழே இருக்கும் நேரம் முழுக்க மேலே ஒரு கை கயிற்றைத் தொட்டபடி இருக்கிறது. வேலை முடிந்த செய்தியும் அதே கயிற்றில் வருகிறது, மீட்பும் அதே கயிற்றில்தான். ஜாவாஸ்கிரிப்டில் 2015ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் இருக்கும் ப்ராமிஸ், கயிற்றின் ஒரு பாதியை மட்டும் தந்தது. வேலை முடிந்தால் சொல்லும், தோற்றாலும் சொல்லும். மேலிருந்து ‘போதும், வா’ என்று இழுக்க அதில் வழியில்லை.

இழுக்க முடியாததால் என்ன கெட்டுப்போகும்? தேடல் பெட்டிக்கே திரும்புவோம். ‘முத்’ என்று ஒரு கோரிக்கை போகிறது, அடுத்து ‘முத்து’ என்று இன்னொன்று. வலைப்பின்னலின் போக்கில் இரண்டாவது முதலில் திரும்பிவிடுகிறது, சரியான பட்டியல் திரையில் வருகிறது. ஒரு நொடி கழித்து முதல் கோரிக்கை தாமதமாக வந்து, சரியானதை அழித்துவிட்டுப் பழைய பட்டியலைப் போடுகிறது. பயனருக்குத் திரை பொய் சொல்கிறது. எங்கே பிழை என்று தேடினால் நிரலின் ஒவ்வொரு வரியும் சரியாகவே இருக்கும். 2017 முதல் உலாவிகளில் வரத் தொடங்கிய அபார்ட் கன்ட்ரோலர் அந்த விடுபட்ட பாதிக் கயிறு. புதிய தேடல் புறப்படும்போது பழையதை விட்டுவிடச் சொல்லலாம். தரவு கேட்கும் ஃபெட்ச் என்ற அழைப்பின் வரையறையில் நேர வரம்பு எதுவும் கிடையாது, இத்தனை நொடிக்கு மேல் காத்திருக்காதே என்று நாம்தான் சொல்ல வேண்டும். அதற்கான எளிய வழி 2022 வாக்கில்தான் வந்தது. கடலில் முதல் நாளே இருந்த ஏற்பாடு, திரையில் இத்தனை தாமதமாக வந்து சேர்ந்திருக்கிறது.

எதிர்பாராத இன்னொரு உறவு, கடல்கட்டி. சுறா அண்டாமல் கடலைக் கட்டுபவர் என்று நம்பப்பட்டவர். அவர் சடங்கு நடந்தால்தான் குளியாளிகள் இறங்குவார்கள். 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ இத்தகையவர்களைக் குறிப்பிடுகிறார். பிரிட்டிஷ் ஆட்சியும் அவர்களை விலக்கவில்லை, அவர்கள் இல்லாமல் சலாபம் நடக்காது என்று அதற்குத் தெரிந்திருந்தது. முத்துக்குளித்த பரவர்கள் 16ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கம் தழுவிய பின்பும் இந்த வழக்கம் தொடர்ந்தது. அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாத ஓர் இடத்தில் இறங்குபவருக்குத் தரப்படும் நம்பிக்கை அது.

திரையில் அந்த இடத்தில் நிற்பது ‘ஏறிக்கொண்டிருக்கிறது’ என்று காட்டும் பட்டை. பிராட் மையர்ஸ் 1985இல் வெளியிட்ட ஆய்வில், எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டையைப் பயனர்கள் விரும்புவதைக் கண்டார். பட்டை வேலையை ஒரு நொடியும் விரைவுபடுத்தாது, ஆனால் அது இருந்தால் மனிதர்கள் காத்திருக்கிறார்கள். ஜேக்கப் நீல்சன் 1993இல் வகுத்த எல்லைகளும் அதையே தொடுகின்றன. பத்தில் ஒரு நொடிக்குள் பதில் வந்தால் தானே செய்ததுபோல் இருக்கும். ஒரு நொடி வரை எண்ண ஓட்டம் அறாது. பத்து நொடியைத் தாண்டினால் மனம் வேறு வேலைக்குப் போய்விடும். கடல்கட்டிக்கும் பட்டைக்கும் வேறுபாடு பொறுப்பில் இருக்கிறது. பட்டை காட்டும் சதவீதத்தைப் பயனர் சரிபார்க்க முடியாது, எழுதுபவர் மட்டுமே அறிவார். 90 சதவீதம் வரை விரைந்து ஓடிவிட்டு அங்கேயே நிற்கும் பட்டையை நான் நேர்மையற்றது என்றே சொல்வேன். எவ்வளவு என்று தெரியாவிட்டால், தெரியாது என்று காட்டும் சுழலும் வட்டமே மேல்.

அடுத்து ஏலம். கரைக்கு வந்த சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விட்டார்கள். வாங்கியவர் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே காசு கட்டினார். பிறகு சிப்பிகளை அழுகவிட்டு, கழுவி, முத்தைத் தேட நாள்கள் ஆகும். முடிவு தெரியுமுன்பே முடிந்ததாகக் கொண்டு நடப்பது என்பதை இணையச் செயலிகளும் கைக்கொண்டன. நம் பக்கத்து உதாரணம் ஸோஹோ. 2011 முதல் தென்காசி அருகே மத்தளம்பாறையிலும் இயங்கும் அந்த நிறுவனம், 2005இல் ரைட்டர் என்ற எழுத்துச் செயலியை உலாவிக்குள் கொண்டுவந்தது. உலாவிக்குள் ஆவணம் எழுத முடியும் என்பதே அப்போது புதுமை. எழுதும் ஒவ்வொரு எழுத்தும் சர்வருக்குப் போய்த் திரும்பிய பிறகுதான் திரையில் தெரியும் என்றால் யாரும் ஒரு பத்தி எழுத மாட்டார்கள். எழுத்து முதலில் திரையில் விழ வேண்டும், சர்வருக்குச் செய்தி பின்னால் போக வேண்டும். 2007இல் கூகிள் கியர்ஸ் என்ற உலாவி நீட்சியின் துணையோடு இணைப்பு இல்லாதபோதும் அந்த ஆவணங்களைத் திறந்து திருத்த வழி செய்தார்கள். இணைப்பு இல்லாதபோதும் பக்கத்தை இயக்க உதவும் சர்வீஸ் வொர்க்கர் உலாவிகளில் வருவதற்குப் பல ஆண்டுகள் முந்திய முயற்சி அது.

ஏலத்தில் எடுத்தவருக்கு முத்து இல்லாவிட்டால் நட்டம் அவருடையது, ஏலத்தைத் திருப்ப முடியாது. செயலியிலோ, சர்வர் மறுத்தால் திரையில் காட்டியதைத் திரும்ப எடுத்தாக வேண்டும். எப்படித் திரும்ப எடுப்பது என்று எழுதாமல் முன்கூட்டியே ‘முடிந்தது’ என்று காட்டுபவர், நட்டத்தைப் பயனர் தலையில் கட்டுகிறார். விருப்பக் குறிக்கு இது பரவாயில்லை, பணம் அனுப்புவதற்கு ஆகவே ஆகாது.

ஏலத்துக்கும் முன்னால் ஒரு வேலை உண்டு. சலாபம் அறிவிக்குமுன் பார்களைச் சோதிப்பார்கள். மாதிரிச் சிப்பிகளை எடுத்து, முத்துகளைப் பிரித்து, மதிப்பிட்ட பிறகே நாள் குறிப்பார்கள். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தொள்ளாயிரம் பார் போன்ற பார்களில் பல ஆண்டுகள் சிப்பியே இருக்காது, சில ஆண்டுகள் குவிந்து கிடக்கும். கரையில் உட்கார்ந்து ஊகிக்க முடியாத இடம் அது. நிரலாளரின் மேசைக் கணினியும் ஒரு கரைதான். அதில் எல்லாச் செயலியும் விரைவாக ஓடும். உண்மை, விலை குறைந்த கைப்பேசியும் மெலிந்த சிக்னலும் வைத்திருக்கும் பயனரிடம் இருக்கிறது. 2024 மார்ச்சில் கூகிள் தன் அளவைகளில் ஐஎன்பி என்பதைச் சேர்த்தபோது அதைத்தான் அளக்கச் சொன்னது. பயனர் தொட்டதிலிருந்து திரை மாறும்வரை ஆகும் நேரம், உண்மையான வருகைகளில் நான்கில் மூன்று பங்கேனும் 200 மில்லிநொடிக்குள் இருந்தால் நன்று. இதற்கு முந்தைய அளவை முதல் தொடுகையின் தாமதத்தை மட்டும் பார்த்தது, முதல் மாதிரியை மட்டும் எடுத்துப் பார் முழுவதையும் மதிப்பிட்டதுபோல.

இந்த ஒப்பீட்டை எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். வெப் வொர்க்கருக்கு நுரையீரல் இல்லை. குளியாளிகளின் செவிப்பறை கிழிந்திருக்கிறது, உயிரும் போயிருக்கிறது. எடுத்ததில் மூன்றில் இரண்டு பங்கை அரசு எடுத்துக்கொண்டு, ஒரு பங்கைப் படகுக்காரர்களுக்கும் குளியாளிகளுக்கும் விட்டது. 1955 முதல் 1961 வரை நடந்த சலாபங்களுக்குப் பிறகு இந்தக் கரையில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. 1973இல் இதே தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் முத்து வளர்ப்பில் வெற்றி கண்டது. குளியாளிகளின் வாரிசுகளில் பலர் சங்குக்கும் மீனுக்கும் இன்னும் கடலில்தான் இருக்கிறார்கள்.

அவர்கள் கைப்பேசியில்தான் என் இரண்டு பொருள்களும் ஒன்றாகச் சந்திக்கின்றன. ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் அலை உயரம், காற்று, மீன் கிடைக்கக்கூடிய இடம் ஆகியவற்றை அறிவிக்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஃபிஷர் ஃபிரண்ட் செயலி அவற்றைத் தமிழிலும் தருகிறது. கரையிலிருந்து சில மைல் தாண்டினால் கைப்பேசிக் கோபுரத்தின் சிக்னல் எட்டாது. ஆகவே முன்பே இறக்கி வைத்த தரவைக் காட்டுவதுதான் பதில் வேகத்துக்கு ஒரே வழி. ஆனால் நேற்றைய அலை உயரத்தை இன்றையதுபோல் உடனே காட்டும் செயலியைவிட, ‘தெரியவில்லை’ என்று காட்டும் செயலி படகுக்கு நல்லது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. அதன் பிறகு 2019இல் இன்காய்ஸ் அறிமுகப்படுத்திய ஜெமினி கருவி ககன் அமைப்பின் செயற்கைக்கோள் வழியே செய்தியை வாங்கி, கைப்பேசிச் செயலிக்குத் தருகிறது. அது ஒருவழிக் கயிறு, கரையிலிருந்து படகுக்குச் சொல்லலாம், படகிலிருந்து சுண்ட முடியாது.

இத்தகைய செயலியை எழுதக் கற்பவர், சேமித்த முன்னறிவிப்பை உடனே காட்டலாம், ஆனால் எத்தனை மணிக்கு வந்தது என்பதை எண்ணுக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் காட்ட வேண்டும். முன்னறிவிப்பின் காலம் முடிந்துவிட்டால் அலை உயரத்தைத் திரையிலிருந்து எடுத்துவிட வேண்டும். புதியது வந்தால், படித்துக்கொண்டிருப்பவரின் விரலுக்கடியில் பக்கம் குதிக்காமல், எண் மட்டும் மாற வேண்டும்.